வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்

சாயங்கால வெயில் இஸ்திரி மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டல் வரவேற்பு வேலைக்காகப் பத்து நாளாய் ஒப்பித்த ஆங்கிலத்தை அவள் துணி தேய்த்தபடியே முணுமுணுக்கிறாள். மெஷின் பழுது பார்க்கிற கணவனின் பாதங்கள் இரண்டு மட்டும் வாஷிங் மெஷினுக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. போன் அடிக்கிறது; ஓட்டலிலிருந்து நேர்காணல். ஸ்பீக்கரில் போடுகிறாள். விருந்தாளி கோபமாக வந்தால் என்ன சொல்வீர்கள் என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கேட்கிறது. "சாரி டு... சாரி டு..." என்று அவள் தடுமாறுகிறாள். "சாரி டு கீப் யூ வெயிட்டிங், மேடம்! ஹேப்பி டு ஹெல்ப்!" என்கிறது மெஷினுக்குப் பின்னால் ஒரு கட்டைக்குரல். "யாருங்க அது?" போன் தமிழுக்கு மாறிச் சிரிக்கிறது. "என் வீட்டுக்காரர்ங்க. நான் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடமாயிடுச்சு." "அப்ப எங்க ஓட்டல் பசங்களுக்கும் நீங்களே சொல்லிக்குடுத்துடலாம். திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க." மெஷினுக்கு வெளியே நீண்ட பாதங்கள் இரண்டும் தாளம் போடத் தொடங்குகின்றன.