கையை எடு

பெண்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் அன்று முதலுதவி வகுப்பு. ஓய்வுபெற்ற நர்ஸ் எஸ்தர், அடிபட்டவர் போலத் தரையில் படுத்துக்கொண்டார். தொடையில் ஆழமான வெட்டு, ரத்தம் பீறிடுகிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னதும் பெண்கள் சிரித்தார்கள். பதினாறு வயது கோமளா மட்டும் சிரிக்காமல் வந்து, துண்டை மடித்து வைத்து இரண்டு கைகளாலும் அழுத்தினாள்.

"அப்படித்தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இப்படிப் புடிச்சிருந்தா உசுரக் காப்பாத்திடலாம். போதும்மா, கையை எடு."

கோமளா எடுக்கவில்லை.

"மிஸ், எங்க சித்தப்பாவுக்கும் இதே எடத்துலதான் பட்டுச்சு. நான்தான் வெட்டுனேன். அப்புறம் பயந்துபோய் செவுத்தோரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரம் முனகிட்டுக் கெடந்தாரு. இது தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

எத்தனையோ பேரிடம் சாவுச் செய்தி சொன்ன எஸ்தர் அவள் முகத்திலிருந்து கண்களைத் திருப்பிக்கொண்டார். கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

"இல்லம்மா" என்றார் கடைசியில். "பொழைச்சிருக்க மாட்டாரு."

"பொய் சொல்லாதீங்க மிஸ்."

அவள் கைகள் இன்னும் பலமாக அழுத்தின. எஸ்தருக்கு வலித்தது. எடு என்று மறுபடி சொல்லாமல் அப்படியே படுத்திருந்தார்.