நாற்பத்தோராம் நாள்

அவளுக்கு முன்னால் சாட்சி சொல்ல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

முதலில் எழுந்தவர் ஆதார் கார்டைத் தொலைத்தவர். ஆட்டோவில் விட்டுவிட்டாராம். ஆட்டோக்காரரே வீடு தேடி வந்து கொடுத்தாராம். சபை அல்லேலூயா சொன்னது. கீபோர்டுக்காரர் பின்னணியில் எதையோ மெல்ல வாசித்துக்கொண்டே இருந்தார்.

அவள் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துவிட்டாள்.

பக்கத்தில் மகள் எமிமா. ஏழு வயது. பாயில் பிரிந்த கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சடை இறுக்கமாக இருந்தது. மற்றது தொளதொளவென்று கிடந்தது.

காலையில் அந்த இரண்டாவது சடையைப் பின்னும்போதுதான் நடந்தது.

பேசிக்கொண்டிருந்த பிள்ளை பாதி வார்த்தையில் நின்றுவிட்டாள். கண் சுவரில் குத்திட்டு நின்றது. இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அவள் பத்து எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கியது. நான் என்னம்மா சொல்லிக்கிட்டிருந்தேன் என்று பிள்ளை கேட்டாள்.

தூக்கக் கலக்கம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள்.

பசி மயக்கம் என்று சொல்லிப் பார்த்தாள்.

சாட்சியைத் தடுக்கச் சத்துருவாகிய சாத்தான் செய்கிற வேலை என்றும் சொல்லிப் பார்த்தாள். இந்தக் காரணம் ரொம்ப வசதியாக இருந்தது. அதனாலேயே மனசு ஒட்டவில்லை.

மாத்திரையை நிறுத்தியது அவளாக எடுத்த முடிவு. வலிப்புக்கு மாத்திரையும் கொடுத்துக்கொண்டு ஆண்டவரிடம் சுகமும் கேட்பது, அவரை நம்பாததுபோல் பட்டது. மிச்சமிருந்த அட்டைகளைக் குப்பை வண்டியில் போட்டாள். யாரும் போடச் சொல்லவில்லை. பாஸ்டரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால், மாத்திரையைக் கொடும்மா என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நாற்பது நாள் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அத்தனை நாளும் வலிப்பு வராவிட்டால் சபையில் சாட்சி சொல்வதாக ஆண்டவரிடம் பொருத்தனை செய்திருந்தாள்.

வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை.

புருஷன் மங்களூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். தினமும் போனில் முதல் கேள்வியே, பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாயா என்பதுதான். கொடுத்தேன் என்பாள்.

நாற்பது நாள் உபவாசம். நாற்பது நாள் பொய்.

இரண்டாவதாக ஒரு அம்மா எழுந்து, மகனுக்குப் பெண் அமைந்ததைச் சொன்னாள். பெண் நர்ஸ் என்பதை இரண்டு முறை சொன்னாள். சபை சிரித்துக்கொண்டே அல்லேலூயா சொன்னது.

நாற்பது நாள் வரவில்லை என்று சொல்லலாம். அது பொய்யில்லை. நாற்பத்தோராம் நாளைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் இன்றைக்குச் சொல்லிவிட்டால் இனி மாத்திரை கிடையாது. சுகமாகிவிட்டது என்று மைக்கில் சொன்னவள் எந்த முகத்தோடு மருந்துக்கடைக்குப் போவாள்? அடுத்த முறை வருவது பத்து எண்ணுவதற்குள் நிற்கும் என்று யார் சொன்னது?

மூன்றாமவர் என்ன சொன்னார் என்று அவள் காதில் விழவில்லை.

மேபல் அக்கா அவள் முழங்கையைத் தொட்டாள். இந்தப் பிள்ளைக்காக அவளோடு சேர்ந்து நாற்பது நாளும் உபவாசம் இருந்தவள். சர்க்கரை வியாதிக்காரி. ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போயிருந்தாள். சந்தோஷமாகப் போய்ச் சொல் என்று கண்ணாலேயே அனுப்பி வைத்தாள்.

அதுதான் தாங்க முடியவில்லை.

மேடை ஏறினாள். மைக் கைக்கு வந்தது. கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம் என்றாள். சபை திருப்பிச் சொன்னது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது.

கீழே எமிமா அண்ணாந்து பார்த்தாள். அம்மா மேடையில் நிற்கிற பெருமை அவளுக்கு.

"நாப்பது நாள் வரல. இன்னிக்குக் காலைல வந்துட்டு. மாத்திரைய நான்தான் நிறுத்துனேன். அவ அப்பாகிட்ட குடுத்தேன் குடுத்தேன்னு பொய் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு."

கீபோர்டு நின்றது.

அல்லேலூயா சொல்வதற்கு வாயெடுத்தவர்கள் அப்படியே இருந்தார்கள். இந்த மாதிரிச் சாட்சி சபைக்குப் பழக்கமில்லை.

மேபல் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கோபமா, வருத்தமா, மேடையிலிருந்து தெரியவில்லை.

பாஸ்டர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார். அதை அணைத்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போங்கம்மா. மொதல்ல டாக்டருக்குப் போன் போடுங்க."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

டாக்டர் போனை எடுத்தார். நன்றாகத் திட்டினார். பழைய மாத்திரையை இன்றைக்கே தொடங்கச் சொன்னார். நாளைக் காலையில் பிள்ளையோடு வரச் சொன்னார். அவள் சரிங்க சார், சரிங்க சார் என்று தெருவில் நின்று அழுதாள். திட்டு வாங்க வாங்க நெஞ்சு லேசானது.

ஞாயிற்றுக்கிழமை. பஜாரில் வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடந்தது.

முதல் மருந்துக்கடை பூட்டியிருந்தது. இரண்டாவதும்.

பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நாற்பது நாளாக அவள் எவ்வளவோ வசனம் சொல்லி, வாக்குத்தத்தம் சொல்லி, பொருத்தனை சொல்லி ஜெபித்திருக்கிறாள். இப்போது ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை.

"யார்கிட்டம்மா பேசுற?" என்று எமிமா கேட்டாள்.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஆண்டவரே, ஒரு கடையாவது திறந்திருக்கணும்.