காற்றுப் பக்கம்

கதைக்குள் போகுமுன் சிலவற்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அது பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த நம்மவர்கள் கூடி நடத்தும் பெண்கள் பள்ளி. வரலாற்று டீச்சருக்கு அங்கே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வேலை. வேலை போனால் அந்த நாட்டில் தங்கும் அனுமதியும் போய்விடும். அவருடைய மகளும் அதே பள்ளியில்தான் படித்தாள். தாயும் மகளுமாக ஒற்றை அறையில் குடித்தனம். வேறு துணை கிடையாது.

பேச்சுப் போட்டியில் அந்த மகளுக்கு முதல் பரிசு கிடைத்தபோது, "சொந்தப் பொண்ணுன்னா எதுதான் கிடைக்காது?" என்று பள்ளிக்குழுச் செயலாளரம்மா புகார் கொடுத்தார். இன்னொரு முறை ஓரவஞ்சனை என்ற பேச்சு எழுந்தால் வேலை நிலைக்காது என்று தலைமையாசிரியர் எச்சரித்திருந்தார். இது பள்ளி முழுக்கத் தெரிந்த கதை, பி.டி. மாஸ்டருக்கும் தெரியும்.

ஒருநாள் சுற்றுலாவுக்கு மாணவிகளை அழைத்துச் சென்றவர்கள் அந்த டீச்சரும் மாஸ்டரும்தான். தீவுக் கோட்டைக்குப் படகில் போனார்கள். படகுக்குக் கூரை இல்லை. இடப்பக்கத்திலிருந்து காற்று கடல்நீரை வாரிச் சாட்டையாக வீசியது.

"டீச்சர், குட்டிச் செயலாளர் கவுந்துட்டா!"

குட்டிச் செயலாளர் என்பது செயலாளரம்மாவின் மகளுக்குத் தோழிகள் வைத்த பெயர். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"காலையில மூக்கு முட்டத் தின்னா டீச்சர். இப்ப கடலுக்குப் பங்கு குடுக்கப் போறா!"

"சும்மா இருங்கடி" என்றார் டீச்சர்.

படகோட்டியின் கண்ணாடி அறைக்குள் இன்னும் ஒருவர் உட்காரலாம், அவ்வளவுதான் இடம். டீச்சர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் அங்கே உட்கார வைத்துத் திரும்பினார்.

அதற்குள் அவருடைய மகள் நடுப்பலகையில் சுருண்டு படுத்துவிட்டாள். இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள்.

மாஸ்டர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறினார்.

"டீச்சர், கொதிக்குது. அந்தப் பொண்ணு தேவலை. அவளை வெளிய கூப்பிட்டு இவளை உள்ள அனுப்புங்க."

"முதல்ல முடியாமப் போனது அவளுக்குத்தான், மாஸ்டர்."

"இது உங்க பொண்ணு டீச்சர்!"

"இன்னிக்கு எனக்குப் பொண்ணுன்னு தனியா யாரும் இல்ல. எல்லாரும் மாணவிங்கதான். பின்னாடி ரெண்டு பேர் கம்பியில சாயறாங்க, அவங்களைக் கொஞ்சம் பாருங்க."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்தபோது, டீச்சர் பலகைக்கு இடப்பக்கம், கடலுக்கு முதுகு காட்டி, கால்களை அகட்டி நின்றுகொண்டு கோட்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். காலடியில் மகள் முனகினாள். டீச்சரின் பார்வை தொலைவிலேயே இருந்தது.

"யாருக்குடி பாடம் நடத்தறாங்க?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

"காத்துக்குத்தான்!"

கோட்டையைப் பார்த்ததாகப் பேர் பண்ணிவிட்டுத் திரும்பினார்கள். இப்போது காற்று வலப்பக்கம். குட்டிச் செயலாளர் மறுபடியும் கண்ணாடி அறைக்குள், மகள் அதே பலகையில் கிடந்தாள். டீச்சர் மட்டும் வலப்பக்கத்துக்கு மாறி நின்று, விட்ட இடத்திலிருந்து வரலாற்றைத் தொடர்ந்தார். புடவை தெப்பலாக நனைந்திருந்தது. மற்றவர்களைப் போல ஒதுங்கி உட்காரவும் தெரியாத வீம்பு என்று மாஸ்டருக்கு எரிச்சல் வந்தது.

"ஏன் டீச்சர், உங்க நெஞ்சு என்ன கருங்கல்லா? ஒரு தடவை குனிஞ்சு பாத்தாக் குறைஞ்சா போயிடுவீங்க?"

"கரை வந்துடும் மாஸ்டர்" என்றார் அவர், தாடை இறுக. மாஸ்டர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை குட்டிச் செயலாளர் தன் அம்மாவிடம் சொன்னாள்: "பாவம்மா அவ. நான் உள்ள சொகுசா வந்தேன், அவ வெளிய கிடந்தா. டீச்சர் அவளைத் திரும்பிக்கூடப் பாக்கல." இரக்கப்பட்டுத்தான் சொன்னாள்.

செயலாளரம்மா மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார்.

"பெத்த பொண்ணுக்கே இரங்காதவங்க, ஊரான் வீட்டுப் பிள்ளையை எப்படிப் பாத்துக்குவாங்க?"

மாஸ்டரையும் சேர்த்து ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். அதில் உறுதியானவை வருமாறு:

குட்டிச் செயலாளர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

மாஸ்டரும் தாம் கண்டதையே சொன்னார். தாம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் டீச்சர் மகள் பக்கம் குனியவே இல்லை என்றார். ஒரு குழந்தைக்காகப் பேசிய நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

டீச்சரிடம் விளக்கம் கேட்டார்கள். "அன்னிக்கு எனக்கு எல்லாரும் மாணவிங்கதான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கடைசியாக மகளைக் கூப்பிட்டார்கள்.

"போறப்பவும் வர்றப்பவும் எந்தப் பக்கம் காத்து அடிச்சுதோ அந்தப் பக்கமா அம்மா எனக்கு மறைச்சு நின்னாங்க, சார். தண்ணியெல்லாம் அவங்க மேலதான் அடிச்சுது. நான் நனையவே இல்ல."

மாஸ்டருக்கு இரண்டு பயணங்களும் கண்முன் வந்தன. வாயைத் திறந்தார், செயலாளரம்மா அவரைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

அம்மாவுக்குப் பயந்த பிள்ளை வேறு என்ன சொல்லும் என்று குழு முடிவு செய்தது.

டீச்சரின் வேலை புதுப்பிக்கப்படவில்லை. மாதக் கடைசிக்குள் தாயும் மகளும் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்றாயிற்று.

முடிவு ஒருமனதானது. மாஸ்டரும் கையெழுத்திட்டார், அவருக்கும் அடுத்த வாரம் வேலை நீட்டிப்பு வர வேண்டியிருந்தது.