ஏழாம் பூச்சு

மாம்பழக் கூழில் கருப்பட்டிப் பாகைக் கலந்து, ஓலைப்பாயில் நாளுக்கு ஒரு பூச்சாக ஏழு நாள் பூசி வெயிலில் உலர்த்தி இனிப்புப் பாளமாக்கினார்கள்.

மேலே பளபளத்த ஏழாம் பூச்சு, அடியிலிருந்த முதல் பூச்சைக் கேலி செய்தது. "உங்கள் முகமெல்லாம் பாயின் வரி, அண்ணா. சந்தையில் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நம் உறவை வெளியில் சொல்லிவிடாதீர்கள்."

"சரி தம்பி" என்றது முதல் பூச்சு.

சந்தையில், ஈ மொய்க்காதிருக்க, பாயிலிருந்து உரித்த பாளத்தை, பிசுபிசுத்த மேற்புறம் வாழையிலையில் படும்படி கவிழ்த்து வைத்தாள் வியாபாரி. வாங்க வந்தவள் வரிகளைத் தடவினாள். "பாயில் காய்ந்த நல்ல சரக்குதான். நறுக்கிக் கொடுங்கள்."

"அண்ணா, நாம் உடன்பிறந்தவர்கள் என்று சொல்லுங்களேன்!" என்று அடியிலிருந்து ஏழாம் பூச்சு கூவியது.

அண்ணன் வாய் திறக்குமுன் கத்தி இறங்கியது. அது ஏழு பேரையும் ஒன்றாகவே நறுக்கியது.