ஆயிரமாவது தலை

மருதங்குறிச்சியின் எல்லைப் பலகையில், ஊர் வரலாற்றுக்குக் கீழே, மக்கள்தொகை 999 என்று மின்னிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேர் உள்ள ஊருக்குத்தான் தண்ணீர் என்பது சட்டம்; மாலை ஆறு மணிக்குள் ஆயிரம் ஆகாவிட்டால் வாய்க்கால் மதகு தானாக மூடிக்கொள்ளும். கோயில் தெருக்காரர்கள் நட்ட நாற்றெல்லாம் கருகிப்போகும்.

அதனால்தான் ஊர்த்தலைவர் ரத்தினசபாபதி முதன்முறையாகக் கீழத்தெருவுக்குள் பழத்தட்டோடு வந்தார். குருவம்மாவின் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

"பொண்ணுக்கு வலி எடுத்துருச்சா குருவம்மா? ஊரே காத்துக் கெடக்கு."

பழைய சேலையைக் குழந்தைத் துணியாகக் கிழித்துக்கொண்டிருந்த குருவம்மா எழுந்திருக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன் அவளுக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது, கோயில் தெருவில் இருந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடாமல் மறித்து, ஏரிப் பக்கம் கைகாட்டியவர் இவர்தான். ஏரியைச் சுற்றிப் போவதற்குள் பிள்ளை செத்துப்போனது. அந்தப் பிள்ளையைப் பலகை எண்ணவே இல்லை.

"காலையிலேயே பொறந்துருச்சுங்க. ஆம்பளப் பிள்ள."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் ஏன் பலகையில ஏறல?"

"பொறந்தது அடுத்த ஊருல. அந்த ஊரு பலகையில ஏறியிருக்கும்."

"நம்ம ஆஸ்பத்திரி இருக்கையில அங்க எதுக்குப் போனீங்க?"

குருவம்மா துணியை நிதானமாக மடித்தாள்.

"ஒங்க தெருவுல எங்க வண்டி வரக் கூடாதுல்லங்க. நீங்க காட்டுன வழியில, ஏரியச் சுத்திப் போனோம். அங்கிருந்து அடுத்த ஊருதான் பக்கம்."