முதல் கிராக்கி

பல வருடங்களாகத் தணிகைவேல் சொந்தத் தொழிலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். கோழிப்பண்ணை, தண்ணீர் கேன், ஜெராக்ஸ் கடை என்று பேச்சு மாறியதே தவிர, கிடங்கு வேலைக்குப் போய்வருவது மாறவில்லை. மனைவி பூங்கோதை சோற்றைப் போட்டபடி 'உம்' கொட்டுவாள். திடீரென்று ஒருநாள் வீட்டில்கூடச் சொல்லாமல் வேலையை விட்டான். பேருந்து நிலையத்து மதிலோரம் ஒரு மேசையைப் போட்டு, 'மாற்றுச் சாவி செய்து தரப்படும்' என்று அட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

முதல் கிராக்கியாக வந்து நின்றவள் பூங்கோதை. அவள் ஆச்சரியப்படவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு வேணும்."

அது வீட்டுச் சாவி இல்லை. பீரோ சாவியும் இல்லை. ஏதோ கடை ஷட்டர் பூட்டின் சாவி போலத் தெரிந்தது.

"எந்தப் பூட்டோடது இது?"

"சாவி போடுறவரு அதையெல்லாம் கேப்பாரா?"

அவன் வெட்டாத சாவி ஒன்றை எடுத்து அரத்தால் அராவினான். அவள் இரண்டு சாவிகளையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"சரியா இருக்குது" என்றாள். பழையதை முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் செய்த சாவியை அவனிடமே நீட்டினாள். "இது உங்ககிட்ட இருக்கட்டும்."

பிறகு வீட்டுப் பக்கம் போகாமல் கடைவீதிப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போவதா, கடையைப் பார்ப்பதா என்று புரியாமல் அவன் எழுந்து நின்றான். அதற்குள் பூட்டோடு வந்த பெரியவர் ஒருவர், "இங்க கடைக்காரரு யாருப்பா?" என்று அவனிடமே கேட்டார்.

"நான்தாங்க" என்று சொல்ல அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.