கீழுதட்டுச் சோதனை

“வாயைத் திறங்க தம்பி. கடிச்சிடாதீங்க” என்றார் பல் மருத்துவர். கையில் உறை, நெற்றியில் விளக்கு. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழெட்டுப் பேர், ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்து காத்திருந்தார்கள்.

நோயாளி யாரும் இல்லை. எல்லாரும் வேலைக்கு வந்தவர்கள். வாய்க்குப் புத்துணர்ச்சி தரும் பொருள் செய்கிற கம்பெனி அது. கல்லூரி கல்லூரியாகப் போய், பல் தெரியச் சிரித்து, அதை அறிமுகப்படுத்த வேண்டும். சிரிப்பதற்குச் சம்பளம்.

நாற்காலியில் வாய் திறந்திருந்தவனை நண்பர்கள் ‘புதினா’ என்பார்கள். அவனுக்கு இதுவும் கைநழுவினால், மாமாவின் சிமென்ட் கடையில் மூட்டைதான். மாமா தோளுக்குப் பழைய துண்டுகூட எடுத்து வைத்துவிட்டார்.

முன்னால் போனவன் தொங்கிய தலையோடு வந்து, புகையிலை போடுகிறவனுக்கு இங்கே வேலை இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். புதினா அப்போதே சாக்ஸை மேலே இழுத்துவிட்டிருந்தான். முதல் வருடம், கல்லூரி மதிலோரம், நல்ல பல்வரிசையுள்ள ஓர் அண்ணன் சும்மா நீட்டிய பச்சை டப்பா. அன்று உதட்டில் அடக்கிய புகையிலை, இன்றுவரை அடங்கவில்லை.

ஒரு வாரமாகத் தேய்த்ததில் பிரஷ்ஷுக்கு வழுக்கை விழுந்திருந்தது. மருத்துவரோ பல்லைப் பார்க்கவேயில்லை. நேராகக் கீழுதட்டை மடித்தார். உள்ளே வெள்ளையாகச் சுருங்கிய தோல்.

“டீ சுட்டுடுச்சு டாக்டர்.”

“எத்தனை வருஷமா சுடுது?” என்றவர், குரலைத் தாழ்த்தி, “இதைத் தள்ளிப் போடாதீங்க. பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க” என்றார். பிறகு மேலாளரைக் கூப்பிட்டார்.

மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கம்பெனியில் முதலாளி முதல் காவலாளி வரை ஒருவரும் புகையிலையைத் தொடுவதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். புதினாவுக்கு வெட்கமாக இருந்தது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

சாக்ஸுக்குள் செருகியிருந்த பச்சை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தான். “வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி சார். இன்னியோட இதை விட்டுடறேன்.”

மேலாளர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. அதை அவன் சட்டைப் பையிலேயே பத்திரமாகப் போட்டார்.

“விட்டுடாதீங்க தம்பி, இது நம்ம சரக்குதான்.”